கண்டதும் காணாததும்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இஷாத் தொழுகை முடித்து வெளியே வந்து, இராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடைப்பட்ட வெட்டவெளியில் நின்று அண்ணாந்து பார்ப்போர்க்கு, உச்சிக்குச் சற்று வடக்கே நான்கு மீன்கள் கட்டிலின் நான்கு கால்களைப் போல் தோன்றும். மேலைப்புறத்து இரண்டினையும் பூரட்டாதி என்பர் தமிழர். பழைய அறபியர் அதே இரண்டினை "அல்ஃபர்குல் முகத்தம்", அதாவது வாளியின் முன்வாய், என்று அழைத்தனர். நாம் கட்டிலைக் கண்ட இடத்தில் பாலைவனத்தார் நீர்வாளியைக் கண்டனர்! அவ்விரு மீன்களுக்கும் ஏறத்தாழ நடுவே, சிறிது மேற்கே ஒதுங்கி, 50 ஒளியாண்டுத் தொலைவில் மங்கலான மீனொன்று உண்டு. நிலவற்ற இரவில், கூரிய கண்ணுக்கே அது புலப்படும். வானநூலார் ஏட்டில் அதன் பெயர் 51 பெகாசி.

1995 அக்டோபரில் ஜெனீவாவைச் சார்ந்த மிஷேல் மயோர், திதியே கெலோ என்னும் இருவர் அம்மீனைப் பற்றி ஒரு செய்தியை அறிவித்தனர். அது விநாடிக்கு 50 மீட்டருக்குச் சற்று மிகுதியான வேகத்தில் நம்மை நோக்கி வருவதும் விலகுவதுமாய்த் தள்ளாடுகிறது. நான்கே கால் நாளுக்கு ஒரு முறை அந்தத் தள்ளாட்டம் திரும்ப நிகழ்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் அதனைச் சுற்றிவந்து இழுக்கிறது என்பதே அதன் பொருள். அக்கோள் நம் வியாழனின் எடையில் பாதிக்குக் குறையாத வாயுப் பெருங்கோளம். நம் வியாழன் கதிரவனிலிருந்து 78 கோடி கிலோமீட்டர் தள்ளி நின்று 12 ஆண்டுக்கு ஒரு சுற்று வருவது. அதுவோ அத்தொலைவில் நூற்றில் ஒரு பங்கில், 78 இலட்சம் கிலோமீட்டரில், ஏறத்தாழ ஆயிரம் பாகை வெப்பத்தில் தகித்துக்கொண்டு, நம் ஒரு வாரம் முடிவதற்குள் தன் ஓராண்டை முடித்துவிடுகிறது.

இச்செய்தி நாளேட்டில் வந்த நாள்களில் நான் இளம் ஆசிரியன். லாரித் தொழில் செய்யும் குடும்பத்துப் பையன் ஒருவன், பதின்மூன்று வயதிருக்கும், ஏட்டின் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தான். "ஹஜ்ரத், நாலு நாளில் வருஷம் முடிகிற உலகம் இருக்கிறதாமே, அங்கே நோன்பு எப்படி?" என்று கேட்டான். பிள்ளைகள் சிரித்தனர். நானும் அரைகுறையாய்ப் படித்திருந்த வானநூலை எடுத்து விட்டேன். "பெரிய கோள் தூரத்தில்தான் நிற்கும். கிட்டே வந்தால் கோளாகவே இராது. ஏட்டில் எதையும் எழுதுவார்கள். போய் ஓது, தம்பி" என்றேன். அவன் துண்டை மறுபடி மடித்தான். அவ்வாண்டு முழுவதும் அவன் வேறு கேள்வி எதுவும் கேட்கவில்லை.

அன்று நான் செய்தது என்ன? கலாம் நூல்களை ஓதியவர்க்கு இது தெரியாததன்று. கண்ணெதிரில் இருப்பது ஷாஹித். கண்ணுக்கு மறைந்திருப்பது காயிப். ஷாஹிதைக் கொண்டு காயிபை கியாஸ் செய்தல் கூடுமா என்பது அறிஞரிடையே நெடுங்காலம் நடந்த வழக்கு. இமாமுல் ஹரமைன் ஜுவைனீ போன்ற பெரியோர் அம்முறையைக் குறை கூறினர். இதனையே பிள்ளைகட்குப் பாடமாய்ச் சொல்லிக்கொண்டிருந்த நான், ஒரே ஒரு கதிரவன் குடும்பத்தைக் கண்டுவைத்துக்கொண்டு எண்ணற்ற குடும்பங்களுக்குச் சட்டம் வகுத்துவிட்டேன்.

நான் மட்டுமா? 1952 லேயே ஆட்டோ ஸ்துருவே என்னும் வானநூலார், வியாழன் போன்ற கோள் தன் மீனை மிக நெருங்கி ஒரு நாளில் சுற்றிவருதல் கூடாததன்று, அத்தகையதை அன்றைய கருவிகளாலேயே தேடலாம் என்று எழுதினார். தேடியவர் அரியர். பின்னர்த் தேட முனைந்தோரும் பன்னிரண்டாண்டு வட்டத்தையே எதிர்பார்த்துப் பொறுமை காத்தனர். அமெரிக்காவில் மார்சி, பட்லர் என்னும் இருவர் எட்டாண்டாய்த் திரட்டிய பதிவுகளில் பெரும்பகுதி கணக்கிடப்படாமலே கிடந்தது. ஜெனீவாச் செய்தி வந்ததும் அவர்கள் அம்மீனை நோக்கிச் சில நாள்களில் உறுதி செய்தனர். தம் பழைய பதிவுகளைப் புரட்டியபோது வேறு கோள்களும் அகப்பட்டன. பேழைக்குள் இருந்த பொருளைத் திறந்து பாராமலே வைத்திருந்தனர்!

ஆயினும் அவர்களைப் பேதையர் என்று தள்ளிவிடுதல் நியாயமன்று. அவசரப்பட்டோர் பட்ட பாட்டை அவர்கள் அறிவர். அந்த வரலாறு நம் சென்னையிலேயே தொடங்கிற்று. நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தில் பணியாற்றிய கேப்டன் ஜேக்கப், 70 ஒஃபியூக்கி என்னும் இரட்டை மீனிடத்தே ஒரு கோள் இருத்தல் வேண்டும் என்று 1855 இல் எழுதினார். அது பிழை என்று பின்னர் அறியப்பட்டது. அவ்வாறு வந்து மறைந்த கோள்கள் வேறும் உண்டு.

அன்றியும் அவர்கள் கியாஸில் இல்லத் இல்லாமலில்லை. பெருங்கோள் உருவாவதற்குப் பனிக்கட்டி ஏராளமாய் வேண்டும். மீனுக்கு அருகே வெப்பத்தில் பனிக்கட்டி உறையாது. ஆகவே பெருங்கோள் தொலைவிலேதான் பிறக்கும். இக்காரணத்தை இன்றும் பெரும்பாலோர் விட்டுவிடவில்லை. பிறந்த இடத்திலேயே உருவானவை சில இருக்கலாம் என்போரும் உளர் என்றாலும், தொலைவில் பிறந்து உள்ளே பெயர்ந்து வந்தவை என்பதே பலர் கருத்து. இளமையில் சூழ்ந்திருந்த வாயுத்தட்டு சிலவற்றை உள்ளே இழுத்திருக்கும். உடன்பிறந்த கோள் சிலவற்றை எற்றித் தள்ளியிருக்கும். தன் மீன் சுழலும் திசைக்கு எதிராகவே சுற்றும் கோளொன்றை 2009 இல் அறிவித்தனர். அமைதியாய்ப் பிறந்த இடத்தில் இருந்த கோளுக்கு அந்த நிலை வர வழியில்லை.

அப்படியாயின் பிழை எங்கே? "தொலைவில் பிறக்கும்" என்ற வாக்கியத்தில் அன்று. "பிறந்த இடத்திலேயே இருக்கும்" என்று ஒருவரும் சொல்லாமலே எல்லாரும் சேர்த்துக்கொண்ட அடுத்த வாக்கியத்தில்தான். நாமக்கல் மண்ணில் இருந்துகொண்டு நான் அதைச் சேர்த்ததுதான் வேடிக்கை. பரமத்தியில் பிறந்தவனைக் கௌஹாத்திச் சாலையோரத்தில் சந்திப்பது இவ்வூரார்க்குப் புதுமையா?

இனி, எதிர்ப்பக்கத்துப் பிழையும் ஒன்றுண்டு. 1995 ஐ அடுத்த சில ஆண்டுகளில் அகப்பட்டவற்றுள் பல இத்தகைய வெப்பக் கோள்களே. வானமெங்கும் இவைதாம் என்று அன்று ஒருவர் எழுதியிருந்தால் மறுப்பது கடினம். இன்று ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கோள்கள் அறியப்பட்டுள்ளன. நம் கதிரவனை ஒத்த மீன்களில் நூற்றில் ஒன்றுக்குக் கூட இத்தகைய கோள் இல்லை என்று கணக்கிடுகின்றனர். எடை மிகுந்து, அருகிருந்து வலிந்து இழுத்து, நான்கு நாளுக்கொரு முறை கதவைத் தட்டுவதால் அவை முதலில் அகப்பட்டன. பலத்த குரலுடையவன் பேச்சே முதலில் செவியில் விழும், அவனே ஊராகிவிடுவானா? ஒரு தெருவில் மூவர் போட்ட சண்டையைக் கொண்டு ஒரு சமுதாயத்தையே எழுதிவிடும் ஏடுகளை நாம் நொந்துகொள்கிறோம். சந்தைப்பேட்டையில் ஒருவனிடம் ஏமாந்துவிட்டு அவன் குலத்தையே நாம் பேசுவதும் உண்டு.

நம் நாட்டாரும் இத்துறையில் பின்தங்கவில்லை. அபு மலையிலுள்ள தொலைநோக்கியைக் கொண்டு அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தார் 2021 இல் ஒரு வெப்பப் பெருங்கோளை அறிவித்தனர். அதன் ஆண்டு 3.2 நாள், வியாழனினும் பருத்தது, ஆயினும் அதன் அடர்த்தி நீரினும் குறைவு. 2019 இல் வேறொரு வெப்பக் கோளுக்கும் அதன் மீனுக்கும் பெயரிடும் உரிமை இந்தியர்க்குக் கிடைத்தபோது, மீனுக்கு இயற்பியல் அறிஞர் பிபா சௌத்ரியின் பெயரையே இட்டனர். தம் காலத்தில் உரிய புகழ் பெறாத பெண்மணி அவர். கோளின் பெயர் சந்தமஸா. மேகம் சூழ்ந்தது என்று பொருள்.

அந்தப் பையன் இப்பொழுது டேங்கர் லாரி ஓட்டுகிறான். மாதத்துக்கொரு முறை வீடு வருவான். சென்ற கார்த்திகையில் அவனைப் பள்ளிவாசல் வெளியில் நிறுத்தி, அன்று நான் சொன்னது தவறு என்றேன். எதைச் சொல்கிறேன் என்று அவனுக்கு முதலில் விளங்கவில்லை. கட்டிற்கால் மீன்களைக் காட்டினேன். நெடுஞ்சாலை விளக்குகளின் வெளிச்சத்தில் நடுமீன் தெரியவில்லை. சிறிது நேரம் அண்ணாந்தே நின்றவன், "நிலா இல்லாத நாளாப் பார்த்து வர்றேனுங்க, ஹஜ்ரத்" என்றான்.