122 நாள் நடை

முதுகெலும்புக்கும் தண்டுவடத்தைப் போர்த்திய உறைக்கும் நடுவே இருப்பது மிகக் குறுகிய இடம். கொஞ்சம் கொழுப்பு, மெல்லிய ரத்தக்குழாய்கள், அவ்வளவுதான். நுரையீரலிலோ மார்பகத்திலோ தொடங்கிய புற்றுநோய் எலும்புக்குப் பரவி அந்த இடத்தில் கட்டியாக வளர்ந்தால், பெரும்பாலும் முதலில் வருவது முதுகுவலி. படுத்தால் கூடும் வலி. பிறகு கால் தளரும், சிறுநீர் அடைபடும். அறுவை மருத்துவர் எலும்பைச் சிறிது சிறிதாகக் குடைந்தெடுத்து, கட்டியை அகற்றித் தண்டுவடத்துக்கு இடம் விடுகிறார். ஆட்டம் கண்ட முதுகைத் திருகாணியும் கம்பியும் வைத்து நிறுத்துகிறார்.

இத்தனைக்குப் பிறகும் புற்றுநோய் உடம்பில் இருக்கிறது. அப்படியானால் குணமானது என்ன?

ராய் பாட்செல் குழுவினர் 2005இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில் இப்படித் தண்டுவடம் நெருக்கப்பட்ட 101 நோயாளிகள். கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57 சதவீதம் பேர் நடந்தனர். அறுவையும் சேர்த்துப் பெற்றவர்களில் 84 சதவீதம். நடை நீடித்த காலத்தின் இடைமதிப்பு முன்னவர்களுக்கு 13 நாள், பின்னவர்களுக்கு 122 நாள். நடக்கவே முடியாமல் வந்து அறுவை செய்துகொண்ட 16 பேரில் 10 பேர் எழுந்து நடந்தார்கள். அறுவை பெற்றவர்களின் ஆயுள் இடைமதிப்போ 126 நாள்தான்.

நான்கு மாதத்துக்காக இவ்வளவு பெரிய அறுவையா என்று கேட்பவர்கள் உண்டு. யார் தயவும் இல்லாமல் ராத்திரியில் கழிப்பறைக்குப் போய்வர முடிவது சின்ன விஷயமல்ல. மிச்சமிருக்கும் நாளெல்லாம் மனிதர் தன் காலில் நிற்கிறார் என்றால், அதைத் தோல்விக் கணக்கில் எழுதுவது நியாயமே இல்லை.

அமெரிக்க நாவலாசிரியர் ரெனால்ட்ஸ் பிரைஸின் கதை இதற்கு நேர் எதிர். 1984இல் அவருக்குத் தண்டுவடத்தின் உள்ளேயே புற்றுக்கட்டி. முதல் அறுவையில் அதை முழுதாக எடுக்க முடியவில்லை. கதிர்வீச்சுக்கு முன் ஒரு நாள், கலிலேயாக் கடலில் தன் முதுகை இயேசு கழுவி, பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று சொன்னதாக அவர் கண்டார். நோயும் தீர்ந்ததா என்று கேட்டார்; அதுவும்தான் என்று பதில் வந்ததாம். பின்னர் கால்கள் செயலிழந்தன. 1986இல் மீண்டும் அறுவை நடந்தது. புற்று அடங்கியது, கால் திரும்பவில்லை.

ஆனாலும் அந்தக் காட்சி பொய்த்துப்போனதாக பிரைஸ் நினைக்கவில்லை. பழைய ஆள் செத்துவிட்டான், இனி யாராக வாழப்போகிறோம் என்று பார்க்க வேண்டும் என்பதே 1994இல் வெளிவந்த அவரது நினைவுநூலின் சாரம். சக்கர நாற்காலியில் இருந்தபடியே டியூக் பல்கலைக்கழகத்தில் மில்டனைப் பாடம் நடத்தினார். முன்னைவிட வேகமாக எழுதினார். 2011இல் காலமானார்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குமுன், எழுந்ததும் முதலில் என்ன செய்ய ஆசை என்று நோயாளியை மருத்துவர் கேட்க வேண்டும். அவருக்காக வேண்டிக்கொள்கிறவர்களும் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வேண்டலாம்.