அளப்பவன் எவருக்குக் கடன்பட்டவன்?

நம் வணிகப் பெருமக்கள் தம் பிள்ளைகளை எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என ஆலோசிக்கும்போது மருத்துவம், சட்டம், கணக்கியல் என்ற மூன்றையே முன்பெல்லாம் பேசுவார்கள். இப்போது நான்காவதாக ஒன்றும் காதில் விழுகிறது. தொழிலகப் பொறியியல், அமைப்புப் பொறியியல் என இரு பெயரும் சேர்த்துச் சொல்லப்படும் படிப்பு அது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலும், கரக்பூர் ஐ.ஐ.டி.யிலும், சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் இத்துறை கற்பிக்கப்படுகிறது.

இஃது இயந்திரம் செய்யக் கற்றுத்தரும் படிப்பன்று. மனிதன், இயந்திரம், சரக்கு, நேரம், பணம் ஆகியவற்றை ஒன்றோடொன்று இசைத்து, வீண் குறையும்படி வேலையை அமைக்கும் படிப்பு. வீணைக் குறைப்பது வணிகனுக்கு இயல்பான குணம். ஆகவே இப்படிப்பை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் இதனுள்ளே ஓர் அறக் கேள்வி ஒளிந்திருக்கிறது. அதை விளக்க நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. பகாங் மாநிலத்துக் கேமரன் மலை வரை போனால் போதும்.

1885ஆம் ஆண்டில் நிலமளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயரைத் தாங்கிய அம்மலையில், 1929இல் ரசல் என்பார் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் சரிவுகளில் செடி நட்டவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளர் பலர். அங்கே ஒரு கூடைக் கொழுந்தின் பயணத்தைப் பாருங்கள். கிள்ளிய கொழுந்து தாமதமின்றி ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். வாட்டுதல், சுருட்டுதல், புளிக்கவைத்தல், உலர்த்துதல், சலித்துத் தரம் பிரித்தல் என அது பல படிகளைக் கடக்கிறது. ஏறக்குறைய நான்கைந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. மலையில் பறிப்பு வேகமாகி, ஆலையில் வாட்டுவதற்கு இடம் போதாவிட்டால் கொழுந்து சூடேறிக் கெட்டுவிடும். ஆலை பெரிதாகிப் பறிப்பு குறைந்தாலோ இயந்திரம் சும்மா கிடக்கும். ஒன்றைத் தொட்டால் மற்றொன்று அசையும். அமைப்பு என்று இப்படிப்பு சொல்வது இதைத்தான்.

அம்மலையில் முன்பு கையால் கிள்ளினார்கள். பின்பு கத்தரி வந்தது. அதன் பின் இருவர் இருபுறமும் பிடித்துச் செடியின் மேல் நகர்த்தும் மோட்டார் இயந்திரம் வந்தது. இன்று அதைப் பிடிப்போரில் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் பலர். ஒருவர் ஒரு நாளில் பறிக்கும் கொழுந்து பன்மடங்கு பெருகியிருக்கிறது. இங்கேதான் நம் கேள்வி எழுகிறது. அந்தப் பெருக்கம் எவருக்குச் சேர வேண்டும்? கடிகாரத்தைக் கையில் பிடித்து வேலையை அளக்கும் பொறியியலாளன், கூலி கொடுக்கும் முதலாளிக்கு மட்டுமே கடன்பட்டவனா? அளக்கப்படுகிற மனிதனுக்கும் கடன்பட்டவனா?

இத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்கர் பிரெடரிக் டெய்லர், 1911இல் வெளியிட்ட தம் நூலில் ஒரு கணக்கைப் பெருமையோடு எழுதியிருக்கிறார். இரும்புப் பாளங்களை வண்டியில் ஏற்றும் தொழிலாளி நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் ஏற்றிவந்தான். வேலையும் ஓய்வும் அளந்து கொடுக்கப்பட்ட பின் 47 டன் ஏற்றினான். கூலியோ 1 டாலர் 15 சென்டிலிருந்து 1 டாலர் 85 சென்டாக உயர்ந்தது. அவர் சொன்ன கணக்கை அப்படியே ஏற்றாலும், வணிகராகிய நாம் மனக்கணக்குப் போட்டுப் பார்ப்போம். வேலை ஏறக்குறைய நான்கு மடங்கு. கூலி ஒன்றரை மடங்குக்குச் சற்றே அதிகம். கூலி உயர்ந்தது உண்மைதான். எஞ்சிய ஆதாயம் எங்கே போயிற்று?

நிற்க. இதே துறையில் பிராங்க் கில்பிரெத், லில்லியன் கில்பிரெத் என்ற தம்பதியரும் இருந்தார்கள். செங்கல் அடுக்கும் கொத்தன் ஒவ்வொரு கல்லுக்கும் தரைவரை குனிந்து நிமிர்வதைப் பிராங்க் கண்டார். கல்லும் சாந்தும் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும்படி சாரத்தை மாற்றினார். ஒரு கல்லுக்குப் பதினெட்டாக இருந்த அசைவுகள் ஐந்தளவாகக் குறைந்தன. வேலையும் பெருகிற்று, முதுகும் பிழைத்தது. 1916இல் தம்பதியர் இருவரும் தொழிலாளியின் களைப்பைப் பற்றியே ஒரு நூல் வெளியிட்டார்கள். கடிகாரமும் அதுவே, கல்வியும் அதுவே. பார்த்த கண்தான் வேறு.

நம் அனுபவம் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நாம் மளிகைக் கடை நடத்திய காலத்தில் ஒரு பையனைச் சோம்பேறி என்று பலர் முன்னிலையில் ஏசியிருக்கிறோம். அரிசி கேட்டு வந்தவர் காத்திருப்பார், பையன் வியர்த்து ஓடிவருவான், நாமோ கடிந்துகொள்வோம். ஒருநாள் அவன் காய்ச்சலில் படுத்துவிட, நாமே அந்த வேலையைச் செய்ய நேர்ந்தது. மூட்டைகள் பின்கட்டில், தராசு முன்வாசலில், நடுவே இரண்டு படிகள். மதியத்துக்குள் நம் முழங்கால் உண்மையைச் சொல்லிவிட்டது. குற்றம் பையனிடம் இல்லை. சாமான்களை வைத்த நம்மிடம் இருந்தது. மூட்டையை முன்னே கொண்டுவர நமக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அவனை ஏசிய மாதங்களை எப்படித் திருப்பித் தருவது? பிழைகளில் பெரும்பகுதி தொழிலாளியிடமன்று, வேலையின் அமைப்பில்தான் இருக்கிறது என்று டெமிங் என்ற அறிஞர் ஜப்பானியருக்கு 1950 முதல் போதித்தார். அதை நாம் ஒரு காய்ச்சலால் கற்றோம்.

நாம் தராசோடு வாழும் மக்கள். திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயத்துக்கு அளவையில் மோசம் செய்வோரைக் குறிக்கும் பெயரே அமைந்திருக்கிறது என்பதை நம்மில் அறியாதார் இலர். வாங்கும்போது நிறைவாகவும் கொடுக்கும்போது குறைவாகவும் அளப்பதே அந்த மோசம். அரிசிக்கும் பருப்புக்கும் மட்டுந்தானா இந்த நெறி? ஒருவனுடைய உழைப்பை நொடிக் கணக்கில் நிறைவாக அளந்து வாங்கி, அவன் களைப்பையும் தோள்வலியையும் கணக்கிலேயே எழுதாமல் விடுவது குறைந்த நிறுவை அல்லவா? கூலியாளின் ஹக்கு அவன் வாங்கும் பணத்தோடு முடிந்துவிடுகிறதா?

வீணை ஒழிக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வீண் ஒழியாத தோட்டம் நலிந்துபோகும். நலிந்த தோட்டம் எவருக்கும் கூலி கொடாது. ஒழிப்பதில் கிடைக்கும் ஆதாயத்தில் ஒரு பங்கு ஓய்வாகவும் கூலியாகவும் உழைத்தவனுக்குத் திரும்ப வேண்டும் என்பதே நம் வாதம்.

ஆகவே பெற்றோர்களே! உங்கள் மகனையோ மகளையோ இப்படிப்புக்குத் தாராளமாக அனுப்புங்கள். அனுப்புமுன் ஒரு நாள் கேமரன் மலைக்கு அழைத்துப்போய், தேநீர் அருந்திப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், சரிவில் இயந்திரம் பிடிப்பவரைச் சற்று நின்று பார்க்கச் செய்யுங்கள். பிறர் வேலையை அளப்பதற்கு முன் ஒரு நாளேனும் அந்த வேலையைச் செய்து பார் என்று சொல்லியனுப்புங்கள். அப்படிப் புறப்படும் பிள்ளையின் கையில் கடிகாரமும் நேர்மையான தராசாகும், இன்ஷா அல்லாஹ்.