நோயை மறைத்தல் தகுமோ?



பகவான் ஒரு நாள் ஆனந்தருடன் பிக்குகளின் இருப்பிடங்களைப் பார்த்து வருகையில், வயிற்று நோயால் தம் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரைக் கண்டார். கவனிப்பார் எவருமில்லை. பகவான் நீர் வார்க்க, ஆனந்தர் உடலைக் கழுவினார். இருவருமே தூக்கிக் கட்டிலில் கிடத்தினர். தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயாளிக்குச் செய்க என்று பகவான் அருளியதை மகாவக்கம் கூறும்.

நாம் என் செய்தோம்? ஆலையில் தறியோட்டிய நாட்களில், அடிக்கடி கக்கூசுக்குச் செல்லும் தொழிலாளி ஒருவரை மேஸ்திரி சோம்பேறியென்று ஏச, நாமும் உடன் சிரித்தோம். அவருக்கு இரத்தம் போய்க்கொண்டிருந்தது பின்னரே தெரிந்தது. வெட்கத்தால் அவர் சொல்லவில்லை. சிரித்தவரிடம் எங்ஙனம் சொல்வார்? சுற்றத்தார் முன்வினை என்றனர், தாயத்துக் கட்டினர்.

வேதனையெல்லாம் முன்வினைப் பயனே என்னும் கொள்கையை மோலிய சீவகரிடம் பகவான் மறுத்தார். பித்தம், சிலேத்துமம், வாயு, பருவ மாறுதல் முதலியவற்றையும் காரணமாகக் காட்டினார். குடல் அழற்சி நோயும் தெய்வக் குற்றமன்று, தொற்றுவதுமன்று. உடலைக் காக்கும் எதிர்ப்புச் சக்தியே குடலைத் தாக்குவதால் விளைவது. பெருங்குடலில் புண் உண்டாவது ஒருவகை. வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரத்தக்கது மற்றொன்று. 1932-ல் அதனை விவரித்த மருத்துவருள் ஒருவர் பெயரால் குரோன் நோய் எனப்படும்.

இது அடங்கும், மீண்டும் தலைதூக்கும். ஆகவே, இரத்தம் நின்றதென்று மருந்தைத் தாமே நிறுத்தலாகாது. புற்றுநோயாகுமோ என்று பலர் உறக்கமின்றித் தவிக்கின்றனர். எல்லோர்க்கும் அவ்வாறு ஆவதில்லை. பெருங்குடலில் நெடுநாள் நோயுற்றோர்க்கு அபாயம் கூடுதலாதலின், சுமார் 8 ஆண்டுகளுக்குப் பின் குறித்த காலந்தோறும் குழாய்க் கருவியால் குடலைச் சோதிப்பர். அஞ்சிக் கிடப்பதினும் சோதித்தறிதல் நன்று. மணம் புரிந்து மக்களைப் பெற்று வாழ்வோரும் பலர்.

நல்ல நோயாளியின் இலக்கணங்களுள் ஒன்று, நோயின் நிலையை உள்ளவாறு உரைத்தல் என்று பகவான் வகுத்தார். மலத்தில் இரத்தம் கண்டால் மூலமென்று தாமே முடிவு கட்டாது மருத்துவரிடம் கூறுக. வீட்டார் முகஞ்சுளியாது கேட்க.

சுந்தன் அளித்த உணவுக்குப்பின் பகவானே இரத்தபேதியால் வருந்தினாரன்றோ? ததாகதர் திருமேனிக்கு வந்த நோயில் நமக்கு நாணம் எதற்கு? அடுத்த பௌர்ணமிக் கூட்டத்தில், நம்முள் நோயுற்றோர் எவரென்று வினவுவோம். சிரிக்காமல் கேட்போம்.

சகல ஜீவர்களும் நோயற்று வாழ்க!

சாது! சாது! சாது!