கயிறு பிடிக்க ஓர் ஆள்

தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரில் பழைய தாழிகள் புதைந்து கிடக்கும் பரம்பைப் பற்றி அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் மனுசருக்குச் சாவே வராதாம். வயசு ஏற ஏற உடம்பு சுருங்கிக் கைப்பிள்ளை அளவுக்கு வந்துவிடுமாம். விளக்கு மாடத்திலேயே தூக்கி உட்கார வைத்துவிடலாமாம். இனிப் பார்த்துக்கொள்ள முடியாது என்றானதும் பெரிய பானை ஒன்றில் இறக்கி, கொஞ்சம் சோறு, கொஞ்சம் தண்ணீர், ஒரு விளக்கு வைத்து மூடிப் புதைத்துவிடுவார்களாம். முதுமக்கள் தாழி என்ற பெயருக்கு ஆச்சிமார் தரும் விளக்கம் இது.

தொல்லியல் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 1876இல் பெர்லினிலிருந்து வந்த யாகோர் தோண்டினார். 1899 தொட்டு அலெக்சாண்டர் ரீ சில ஆண்டுகள் தோண்டினார். 2004இல் சத்தியமூர்த்தி தலைமையில் மறுபடியும் அகழ்ந்தார்கள். தாழிக்குள் கிடந்தவை இறந்தவர்களின் எலும்புகள். உயிரோடு யாரையும் உட்கார வைத்ததற்குத் தடயம் இல்லை.

ஆனாலும் கதை சாகவில்லை. கேட்கிறவருக்கு அதில் ஏதோ தெரிந்த முகம் இருக்கிறது. சோறு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, ஆள்தான் இல்லை. ஸ்ரீவைகுண்டத்திலும் ஏரலிலும் முதியவர்கள் உள்ளே இருக்கச் சாத்தியே கிடக்கும் பல வீடுகளின் கதையும் இதுதானே. சோற்றுக்கு ஃப்ரிட்ஜ், வெளிச்சத்துக்கு டிவி. மகன் சென்னையிலோ வளைகுடாவிலோ. ஞாயிறு மாலை வீடியோ காலில், "சாப்பிட்டியளா?" "சாப்பிட்டாச்சு." அதோடு பேச்சு முடிந்துவிடும்.

தமிழ்நாட்டில் அறுபது வயது கடந்தவர்கள் 2021 கணிப்பின்படி நூற்றுக்கு 13.6 பேர். கேரளத்துக்கு அடுத்த இடம். உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் சொன்னது. இந்த வாட்டத்தை அளக்க ஆய்வாளர்கள் மூன்றே கேள்விகள் கொண்ட சிறு அளவுகோல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். துணை இல்லை என்று எவ்வளவு அடிக்கடி தோன்றுகிறது? ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்று? எல்லோரிடமிருந்தும் விலகிப்போனதாக? வீட்டில் எத்தனை பேர் என்ற கேள்வியே அதில் இல்லை. மகன், மருமகள், பேரப்பிள்ளைகள் என்று நிறைந்த வீட்டின் நடுக்கூடத்தில் உட்கார்ந்தபடியே மூன்றுக்கும் "அடிக்கடி" என்று சொல்லக்கூடிய தாத்தாக்கள் உண்டு.

இந்தத் தனிமைக்குக் கலையை மருந்தாக்கிப் பார்த்தவர்கள் உண்டு. ஓவியத்தை மருந்தாக்கும் யோசனை பிறந்ததும் தனித்துக் கிடந்த ஒருவரிடம்தான். ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில், 1938இல் காசநோய் விடுதியில் படுத்த படுக்கையாக இருந்தபோது கண்ணெதிரே கிடந்ததையெல்லாம் வரைந்தார். பிறகு பக்கத்துக் கட்டில்காரர்களையும் வரையச் சொன்னார். 'கலைச் சிகிச்சை' என்ற பெயர் 1942இல் அவர் வைத்தது. பக்கத்துக் கட்டிலுக்குப் பென்சில் போனதுதான் இதில் பெரிய விஷயம் என்று தோன்றுகிறது. அமெரிக்காவில் மனநல மருத்துவர் ஜீன் கோஹன் 2001இல் தொடங்கிய ஆய்வில், எண்பதை ஒட்டிய முதியவர்கள் வாரந்தோறும் கூடிப் பாடினார்கள். ஓராண்டில், பாடாதவர்களைவிட அவர்கள் டாக்டரைப் பார்ப்பதும் கீழே விழுவதும் குறைவாக இருந்தது, தனிமை உணர்வும் மட்டுப்பட்டிருந்தது.

லண்டனிலும் கென்ட்டிலும் 2014 முதல் 2017 வரை நடந்தது இன்னும் சுவாரசியம். ஆளில்லாமல் ஒடுங்கிக் கிடந்த முதியவர்களை, மாத்திரைச் சீட்டு எழுதுவதுபோல, அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், பத்து வாரம். பழம்பொருளைக் கையில் வாங்கிப் பார்ப்பது, அதைப் பற்றிப் பேசுவது, எதையாவது செய்வது. கலந்துகொண்ட 115 பேர் சின்ன எண்ணிக்கைதான். அதை வைத்து உலகத்தையே மாற்றிவிட முடியாது. ஆனால் கையில் ஒரு பொருள் இருந்தால் வாய் தானாகத் திறக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள 115 பேர் போதும்.

நம்மூரில் இதைச் செய்யப் புறப்படுகிறவர்கள் முதலில் வாங்குவது கிரேயான் டப்பா. அங்கேதான் இடறுகிறது. ஐம்பது வருஷம் குடும்பம் நடத்திய ஓர் ஆச்சியிடம் முயல் படம் அச்சடித்த தாளைக் கொடுத்து, கோடு தாண்டாமல் வண்ணம் தீட்டச் சொன்னால் அவர் சிரித்துக்கொண்டே தீட்டுவார். வீட்டுக்குப் போய், "சின்னப்பிள்ளையாக்கிட்டாவ" என்பார். அந்தக் கைக்குத் தெரிந்ததை யாரும் கேட்கவில்லை என்பதுதான் அவர் வருத்தம்.

உடன்குடி, மணப்பாடு பக்கத்துப் பெண்களுக்கு ஓலைப்பெட்டி முடையத் தெரியும். குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை உரித்தெடுத்து, ஒரே அகலத்தில் வகிர்ந்து, நீர் தெளித்துப் பதமாக்க வேண்டும். ஈரம் குறைந்தால் ஓலை ஒடியும். கூடினால் காய்ந்தபின் பெட்டி தளர்ந்துபோகும். அடிப்பாகம் கீழே படிந்து, நான்கு மூலையும் மேலெழும்பும்வரை கண்ணை எடுக்க முடியாது. கண்ணை எடுக்க முடியாததில்தான் வசதியே இருக்கிறது. "என்ன ஆச்சி, மனசுல என்ன கவலை?" என்று முகத்துக்கு நேரே கேட்டால் "ஒண்ணுமில்ல" என்பதுதான் பதில். பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஓலை வகிர்ந்துகொண்டிருந்தால், நாலாவது இழையில், யாரையும் பார்க்காமல், "அவுக போனபெறவு ராத்திரிதான் நீளமா இருக்கு" என்று வரும். அடுத்தவரும் தலை நிமிராமலே, "எனக்கும்தான்" என்பார்.

பெட்டி முடைவதெல்லாம் சிகிச்சை ஆகிவிடாது. அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. பயிற்சி பெற்ற ஒருவர் அங்கே இருக்க வேண்டும். அவர் பெட்டி நன்றாக வந்ததா என்று பார்க்க மாட்டார். அந்த "எனக்கும்தான்" காற்றோடு போகாமல் பார்த்துக்கொள்வார். மறதி நோய் உள்ளவர்களுக்காக இங்கிலாந்தில் உருவான குழுப் பயிற்சி ஒன்றைச் சென்னையின் ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தார் நம் மக்களுக்கு ஏற்ப மாற்றி நடத்தி, 2017இல் வெளியிட்டார்கள். மொத்தம் பதினான்கு அமர்வு. குழு தனக்கு ஒரு பெயர் வைத்துக்கொள்கிறது, ஒரு பாட்டைத் தேர்ந்தெடுக்கிறது. கைவேலைக்கென்றே ஓர் அமர்வு உண்டு. தனிமைக்கென்று வகுத்த பயிற்சி இல்லை இது. ஆனால் பெயரும் பாட்டும் அமைந்தபின், வராத ஒருவரை மற்றவர் தேட ஆரம்பித்துவிடுவார். அதைவிடப் பெரிய மருந்து என்ன வேண்டும்?

இந்தக் கடற்கரைக்குத் தேடுவது புதிதல்ல. தூத்துக்குடியில் முத்துக் குளித்தவர்கள் தனியாக இறங்கியதில்லை. கயிற்றில் கட்டிய கல்லில் கால் பதித்து இறங்கியவருக்கு மேலே படகில் ஒருவர் கயிறு பிடித்திருப்பார். சுண்டினால் இழுக்க வேண்டும். சுண்டாவிட்டாலும் நேரம் பார்த்து இழுக்க வேண்டும். மச்சானைத்தான் கயிறு பிடிக்க வைப்பது என்று கரையில் சொல்வார்கள். தங்கை தாலி அவன் கையில் இருக்கிறதல்லவா! 1955 முதல் 1961 வரை நடந்த முத்துக்குளிப்பு அத்தோடு நின்றுபோனது. அன்று இருபது வயதில் மூச்சடக்கியவருக்கு இன்று எண்பதைத் தாண்டியிருக்கும். அவர் காலையிலிருந்து எத்தனை முறை கயிற்றைச் சுண்டுகிறார் என்று கவனிக்கத்தான் ஆள் வேண்டும்.

தமிழ்நாடு அரசு 2025 பட்ஜெட்டில், முதியவர்கள் பகலில் வந்து இருந்துவிட்டுப் போக 25 அன்புச்சோலை மையங்களுக்குப் பத்துக் கோடி ரூபாய் ஒதுக்கியது. கட்டடமும் மதிய உணவும் கணக்கில் வரும். உள்ளே கை என்ன செய்யும் என்பதையும் யாராவது யோசித்தால் நல்லது.

ஆதிச்சநல்லூரிலேயே அதற்கு இடம் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் பரம்பின் மேலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். குழிகளின் மேல் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். அதன்மேல் நின்று குனிந்தால் காலடியில் தாழிகள். 2004 அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டில் மண்ணைத் திரித்து ஒட்டிச் செய்த படம் ஒன்று உண்டு: ஒரு பெண், மான், முதலை, கொக்கு, பக்கத்தில் செடி. செத்தவர்களோடு சேர்த்து வைத்த மண்ணிலும் யாரோ உட்கார்ந்து கொக்குக்குக் கால் ஒட்டியிருக்கிறார்.

வாரம் ஒரு காலை, சுற்றுக் கிராமத்து முதியவர்கள் பத்துப் பேரை வேனில் அங்கே கூட்டிவந்தால் என்ன? உண்மைத் தாழியைத் தொட வேண்டாம். பானை வனையும் காருகுறிச்சி வேளார் ஒருவர் ஒரு கூடை களிமண் கொண்டுவந்தால் போதும். கண்ணாடி மேல் நிற்கத் தயங்கி, பக்கத்தில் நிற்பவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆச்சி குனிவார். "இம்புட்டுப் பெரிய பானைய எப்படிச் சுட்டிருப்பாவ? சூளையில வெடிச்சிராதா?" முழங்கையைக் கொடுத்தவர், "வெடிக்காது. எங்க அப்பா சுட்டதப் பாத்திருக்கேன்" என்று தொடங்குவார். அது அவ்வளவு சீக்கிரம் முடியாது, வேன் காத்துக்கொண்டிருக்கும்.