நெரிசலும் நம் சினமும்

காலை வேளையில் கோவை அவினாசி சாலையில் செல்லும் நாம் அனைவரும் ஒரே குறையைக் கூறுகிறோம்: "நெரிசலில் அகப்பட்டுக்கொண்டோம்." நெரிசல் பிறரால் விளைந்தது போலவே பேசுகிறோம். நமக்குப் பின்னே நிற்பவருக்கு நாமே நெரிசல் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

2025 அக்டோபரில் இச்சாலையில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீள மேம்பாலம் திறக்கப்பட்டு, ஜி.டி. நாயுடு பெயர் சூட்டப்பெற்றது. பயண நேரம் குறைந்தது, மகிழ்ச்சியே. ஆயினும் முன்செல்பவர் சற்றுத் தயங்கினால் நம் கை ஒலிப்பானைத்தான் தேடுகிறது. அப்படியானால் சினத்திற்குக் காரணம் சாலை மட்டுமன்று.

கணக்கிட்டுப் பார்ப்போம். பத்துக் கிலோமீட்டரை 60 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கப் பத்து நிமிடம். 80 கிலோமீட்டர் வேகத்தில் ஏழரை நிமிடம். மிச்சம் இரண்டரை நிமிடமே. மோதினாலோ, அதன் ஆற்றல் ஏறத்தாழ முக்கால் பங்கு மிகுகிறது. மிச்சம் நமக்கு, ஆபத்தோ சாலையோரம் நடப்பவருக்கும் உரியதாகிறது. பிறர் உயிரைப் பணயம் வைத்து நம் நேரத்தைச் சேமிப்பது நேர்மையாகுமா?

"வழிவிட்டால் ஏமாளியாகிவிடுவோமே" எனச் சிலர் வினவுவர். ஒருவர் நம்மை முந்திச் செல்வதால் நாம் இழப்பது சில நொடிகளே. சினத்தால் இழப்பது அன்றைய பகல் முழுவதையும். அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு 2019 முதல் சட்டம் 10,000 ரூபாய் தண்டம் விதிக்கிறது. தண்டத்திற்கு அஞ்சி விலகுவது வேறு; உள்ளே கிடக்கும் உயிரை எண்ணி விலகுவது வேறு. பின்னதே அறம்.

எல்லோருடைய அவசரமும் பொய்யன்று. பத்து நிமிடத் தாமதத்திற்குக் கூலி இழக்கும் தொழிலாளியிடம் பொறுமையை மட்டும் போதித்தல் தகாது. நம்மில் ஆலையும் கடையும் நடத்துவோர் பலர் உளர். வருகை நேரத்தில் சிறிது தளர்வு தந்தால், அவருடைய வேகத்தை நாமே தணித்தவராவோம். ஏனையோர் கால் மணி முன்னதாகப் புறப்படலாம்.

நம் துறவியர் நான்கு முழத் தரையை நோக்கி, சிற்றுயிர்க்கும் ஊறு நேராவண்ணம் அடி வைக்கின்றனர். அந்நடை இல்லறத்தார்க்கு இயலாது. எனினும், முன்னே செல்வது வெறும் வண்டியன்று, நம்மைப் போல் வீடு சேர வேண்டிய ஓர் உயிர் என்ற நினைவு நமக்கும் இயலும். நாளைக் காலை அந்நினைவோடு புறப்படுவோமாக.