பூநகரிச் சுவரும் வற்றாப்பளைப் பொங்கலும்

கிளிநொச்சி இரணைமடுக் குளக்கட்டில் நின்று ஒருவர் கேட்டால், இங்கே பழையது என்று எதைக் காட்டுவது? குளத்து வேலை 1902இல் தொடங்கி 1920இல் முடிந்தது. பிறகு பல தடவை கட்டை உயர்த்தினார்கள். கடைசித் திருத்தம் முடிந்து 2018 மார்கழியில் மறுபடி திறந்தார்கள். கரையில் இருக்கும் கனகாம்பிகை அம்மன் கோவிலையும் வெளியூரார் பார்த்தால் அண்மையில் கட்டியது என்றுதான் சொல்வார்.

காலடியில் கிடக்கும் சிவந்த மண்ணும் சரளையும் வேறு கணக்கு. இலங்கையின் வறண்ட கரையோரங்களில் காணும் இவ்வகைப் படிவுக்கு ‘இரணைமடுப் படிவு’ என்றே ஆய்வாளர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். தொல்லியலாளர் சிரான் தெரணியகல தென்கரையில் புந்தலப் பக்கம் இதே படிவில் கல்லாயுதங்களைக் கண்டார். அவற்றில் பழையவை ஒன்றேகால் லட்சம் ஆண்டுக்கு முந்தியவை என்று கணித்தார். அதன் பக்கத்தில் வைத்தால் எந்தக் கோவிலும் நேற்றுப் பிறந்ததுதான்.

*

யப்பானில் இசே என்றொரு பெருங்கோவில். ஆயிரத்து முந்நூறு வருடப் பழைமை என்பார்கள். ஆனால் அங்கே நிற்கும் மரத்தூண் ஒவ்வொன்றும் 2013இல் நட்டது. கி.பி. 690இல் தொடங்கிய வழக்கம்: பக்கத்தில் பக்கத்தில் இரண்டு காணிகள். ஒன்றில் கோவில் இருக்கும், மற்றது வெறுமனே கிடக்கும். இருபது வருடம் ஆனதும் வெறுங்காணியில் அதே அளவில், அதே மரத்தில் புதுக்கோவில் எழும். இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, இருட்டுக்குள் தெய்வத்தைப் புதிய இடத்துக்கு எழுந்தருளப் பண்ணுவார்கள். பழைய மரத்தையும் வீணாக்குவதில்லை. தூண்கள் கோவிலுக்குப் போகும் பாலத்தடி வாயில்களாகும். மிச்சம் வேறு ஊர்க் கோவில்களுக்குப் போகும்.

பாலஸ்தாபனம் செய்து, திருப்பணி முடித்து, பன்னிரண்டு வருடத்துக்கு ஒருக்கால் கும்பாபிஷேகம் பார்க்கும் நமக்கு இதில் பெரிய புதுமை இல்லை. எனக்குப் பிடித்தது வேறொன்று. யப்பானின் உள்நாட்டுச் சண்டைக் காலத்தில் இந்த வழக்கம் அறுந்துபோயிற்று. இசேயின் உட்கோவிலில் 1462க்குப் பிறகு 1585 வரை புதுக்கட்டு இல்லை. நூற்றிருபத்து மூன்று வருடம். முந்திய முறை கண்ட தச்சன் எவனும் மிஞ்சியிருக்க மாட்டான். பிறகும் கட்டினார்கள். இன்று அந்த இடைவெளியைக் குறையாகச் சொல்வார் இல்லை.

*

இனி நம் பக்கத்துப் பூநகரிக் கோட்டை. போர்த்துக்கேயர் தொடங்கியது, ஒல்லாந்தர் பெருப்பித்தது. சதுரமான சிறு கோட்டை; எதிரெதிர் மூலைகளில் இரண்டு கொத்தளங்கள். முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கலந்த சுவர். அதைக் கிட்ட நின்று பார்க்க வேண்டும். கடலின் உடம்பிலிருந்து வெட்டிய கல் என்பதால் நுண்ணிய துளைகள் இன்னும் தெரியும். சாந்து உதிர்ந்த இடத்தில் செடி வேர்விட்டிருக்கும். 1805இல் ஆங்கிலேயர் இதற்குள் ஒரு வாடிவீடு வைத்தார்கள். அதற்குப் பிறகு இந்தச் சுவரைத் தங்களுடையது என்று ஊரார் எவரும் நினைத்ததாகத் தெரியவில்லை. வெள்ளை அடிக்கவில்லை, விளக்கு வைக்கவில்லை. கல் அப்படியே கிடக்கிறது. பழையது என்ற பட்டம் மட்டும் அதற்கு உண்டு.

கற்சிலைமடுவில் ஒரு கல் நட்டார்கள். 1803 ஐப்பசி 31ஆம் திகதி இவ்விடத்தில் வன்னி மன்னன் பண்டார வன்னியனை ஆங்கிலேயப் படைத்தலைவன் வொன் டிறிபேர்க் தோற்கடித்தான் என்று அதில் ஆங்கிலத்தில் வெட்டியிருந்தது. வென்ற பக்கத்தார் நட்ட கல். தோற்றவனைத் தேடித்தான் சனம் அதைப் பார்க்கப் போனது. முல்லைத்தீவுக் கோட்டையை வன்னியன் பிடித்த ஆவணி 25ஐத்தான் இங்கே நினைவுநாளாக வைத்திருக்கிறார்கள்.

*

வற்றாப்பளைக்கு வருவோம். நந்திக்கடல் ஓரம், கண்ணகை அம்மன். மதுரையை எரித்த கோபத்தோடு அலைந்தவள் ஈழத்தில் தங்கித் தங்கி வந்த பத்தாவது இடம் இதுவென்பது கதை. வைகாசி விசாகத்தை ஒட்டிய திங்களில் பொங்கல். அதற்கு முன்னே, பாக்குக் கேட்டுப் போகும் பாக்குத் தெண்டல். அடுத்து முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்தல். அந்த உப்புநீரை முள்ளியவளைக் காட்டா விநாயகர் கோவிலுக்குக் கொண்டுபோய் விளக்கேற்றுவார்கள். எண்ணெய் இல்லை, கடல்நீர்தான் என்று சொல்வார்கள். அங்கேயிருந்து படையலுக்கான மடைப்பண்டம் அம்மனிடம் வரும்.

அது எப்படி எரியும் என்று கேட்கிறவர்களை எனக்குத் தெரியும், நானும் கேட்பவன்தான். ஆனால் விளக்கைவிட என்னைப் பிடித்து நிறுத்துவது அந்த ஒழுங்கு. எந்த வேலை எந்தத் திங்களில், எந்தக் குடும்பத்துக்கு எந்த உரிமை என்று ஒன்றும் பிசகாமல் வருவது. 2009இல் இறுதிப் போரில் இந்த நிலத்தில் நடந்தது உலகுக்குத் தெரியும். கட்டடம் அடிபட்டது, சனம் முகாமுக்குப் போனது. திரும்பி வந்தவர்களிடம் கல் இல்லை, ஓடு இல்லை. பாக்குத் தெண்டல் எந்தக் கிழமை என்பது மட்டும் ஞாபகத்தில் இருந்தது.

இசேயோடு இதை ஒப்பிட மனம் பாய்கிறது. கொஞ்சம் பொறுக்க வேண்டும். நாள் பார்த்துத் தானே கழற்றிக் கட்டுவது ஒன்று, பிறர் இடித்ததைக் கட்டுவது வேறொன்று. யப்பானிலும் இரண்டாவது உண்டு. கிரோசிமாக் கோட்டை 1945இல் அணுகுண்டில் போயிற்று. 1958இல் அதன் கோபுரத்தைக் கொங்கிறீட்டில் எழுப்பினார்கள். அந்தக் கொங்கிறீட்டை இசேயின் மரத்தோடு ஒரே வரிசையில் வைத்துப் புகழ எனக்கு வாய் வரவில்லை.

*

மன்னார்த் திருக்கேதீச்சரமே நமக்குக் கிட்டிய உவமை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். போர்த்துக்கேயர் இடித்தார்கள், மன்னார்க் கோட்டைக்கு அதன் கல் போயிற்று என்பார்கள். கோவில் இருந்த இடம் காடானது. 1872இல் ஆறுமுக நாவலர் அதை எடுத்துச் சொன்னபோது கண்ணுக்குக் காட்ட ஒரு சுவர் இல்லை. தேவாரத்தில் பாலாவி என்ற நீர் இருந்தது. ஊரிலும் பாலாவி இருந்தது. காணியை வாங்கிக் காடு வெட்டி, 1903இல் சிறுகோவில், 1976இல் கும்பாபிஷேகம். அதன் பிறகும் போர். கடைசியாக இந்திய உதவியில் கருங்கல்லால் எழுப்பி 2022 ஆடியில் குடமுழுக்குக் கண்டார்கள்.

மூன்று நூற்றாண்டு பூசையில்லாமல் கிடந்த கோவில் அது. இசேக்காரர் கேட்டால், எங்களுடையது நூற்றிருபத்து மூன்றுதான் என்று சொல்லக்கூடும்.