பத்து விநாடி

என் அக்காள் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாளையங்கோட்டைக்கு என்னைத் தேடி வந்தான். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாள் ஆகியிருந்தது. கொடுத்த காபியைப் பாதி குடித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தான். நாலு காமிராக்களின் பெயர், விலை, எடை, எத்தனை லட்சம் புள்ளிகளில் படம் பிடிக்கும் என்ற கணக்கு, எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தான்.

"மாமா, பிள்ளையப் படம் எடுக்க ஒரு காமிரா வாங்கலாம்னு நெனைக்கேன். செல்போன்ல ராத்திரி வெளக்கு வெளிச்சத்துல எடுத்தா மூஞ்சி மெழுகு பொம்மை மாதிரி வருது. இந்த நாலுல எதை வாங்கட்டும்?"

"யார் யாரைலே எடுக்கப் போற?" என்று கேட்டேன்.

"இது என்ன கேள்வி மாமா? வீட்ல உள்ளவுகளத்தான்."

அவன் சிரித்ததில் தவறில்லை. காமிரா வாங்கப் போகிறவனிடம் கேட்கிற முதல் கேள்வி அதுவல்ல. எவ்வளவு பணம் வைத்திருக்கிறாய் என்றுதான் கேட்பார்கள். ஆனால் எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் வீட்டில் ஒரு காமிரா இருந்தது. 'அக்பா கிளிக் 3' என்று பெயர். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம். அப்பா அதைப் பீரோவில் பூட்டி வைத்திருப்பார். பன்னிரண்டு படம் என்றால், அது பன்னிரண்டு தீர்மானம். எதை எடுப்பது, யாருக்காக ஒரு படத்தைச் செலவழிப்பது என்று அப்பா யோசித்து யோசித்துத்தான் எடுப்பார். ஒரு சுருளை முடிக்க ஏழெட்டு மாதம் ஆகிவிடும். அக்காளின் பிறந்த நாள், நான் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது, மதுரையிலிருந்து வந்த பெரியப்பாவின் குடும்பம், புதுச் சைக்கிள், கன்று போட்ட பசு. அந்தப் பசுவுக்கு மட்டும் இரண்டு படம் இருந்தது.

2009-இல் அம்மா இறந்துபோனாள். பதினாறாம் நாளுக்குள் மாலை போட ஒரு படம் வேண்டும். வீடு முழுவதும் தேடினோம். அப்பா எடுத்த படங்கள் எல்லாம் ஆல்பத்தில் ஒழுங்காக இருந்தன. அவற்றில் அம்மா இல்லை. அத்தனை வருஷத்தில் அந்த மனுஷி ஒரு படத்தில்கூட நின்றிருக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது. கடைசியில் கல்யாணத்தன்று எடுத்த படத்தை ஒரு ஸ்டூடியோவில் கொண்டுபோய்க் கொடுத்தோம். அங்கே இருந்த பையன் அப்பாவின் தோளை அழித்தான். பின்னால் நீல வானத்தைப் போட்டான். அம்மா நல்ல கறுப்பு. அவளைச் சிவப்பாக்கிக் கொடுத்தான். நல்ல எண்ணத்தில்தான் செய்திருப்பான். நாங்களும் அவசரத்தில் வாங்கிக்கொண்டு வந்து மாட்டிவிட்டோம். இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சுவரில் தொங்குகிற அம்மாவுக்கு இருபத்தொரு வயது. எனக்கோ நாற்பது தாண்டிவிட்டது. என் மகள் பேச ஆரம்பித்த புதிதில் அந்தப் படத்தைக் காட்டி, "அந்த அக்கா யாருப்பா?" என்று கேட்டாள்.

அப்பாவைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் அம்மாவைக் கூப்பிடாமல் இல்லை. "நீயும் வந்து நில்லேன்" என்பார். "நான் எதுக்கு? பிள்ளைகளை எடுங்க. அடுப்புல பால் கெடக்கு" என்று அவள் உள்ளே போய்விடுவாள். அவள் வேண்டாம் என்றாள், நாங்கள் நம்பினோம். நம்புவது எங்களுக்குச் சௌகரியமாக இருந்தது. ஒரு படம் மிச்சமாயிற்று அல்லவா?

இது எங்கள் வீட்டு வழக்கம் மட்டும் அல்ல. 1839-இல் பிரான்ஸ் தேசத்தில் தாகேர் என்பவரின் புகைப்பட முறை உலகத்துக்கு வெளியானது. ஆரம்ப காலத்தில் ஒரு படம் பதிய வெகுநேரம் ஆடாமல் இருக்க வேண்டும். பெரியவர்கள் இருப்பார்கள். கைக்குழந்தை இருக்குமா? ஆகவே தாயாரைக் குழந்தையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, அவள் தலையிலிருந்து கால்வரை ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டார்கள். அவள் நாற்காலிபோலவோ திரைச்சீலைபோலவோ தெரிவாள். அப்படிப்பட்ட 19-ஆம் நூற்றாண்டுப் படங்கள் ஏராளமாக மிஞ்சியிருக்கின்றன. குழந்தை பளிச்சென்று இருக்கிறது. அதன் பின்னால் துணி மூடிய ஒரு மேடு. அந்த மேட்டிலிருந்து வந்த இரண்டு கை குழந்தையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

பிறகு 1888-இல் ஈஸ்ட்மன் என்ற அமெரிக்கர் நூறு படம் எடுக்கும் 'கோடக்' பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1900-இல் ஒரு டாலர் விலையில் 'பிரௌனி' வந்தது. ஸ்டூடியோவில் இருந்த காமிரா வீட்டுக்குள் வந்துவிட்டது. துணியும் போயிற்று. ஆனால் வேறொரு மறைவு வந்து சேர்ந்தது. யாராவது ஒருவர் காமிராவுக்குப் பின்னால் நிற்க வேண்டும். யாராவது ஒருவர் அடுப்படியில் நிற்க வேண்டும். குடும்பத்தின் ஆல்பம் என்று நாம் சொல்வது, பெரும்பாலும் இந்த இரண்டு பேரும் இல்லாத குடும்பத்தின் ஆல்பம்.

இங்கே ஒரு ஆட்சேபணை எழும். வேண்டாம் என்கிறவரைக் கட்டாயப்படுத்திப் படம் எடுப்பது தர்மமா? ஒருவருடைய முகம் அவருக்குச் சொந்தமானது அல்லவா? வாஸ்தவம். இதற்குப் பதில் சொல்ல எங்கள் ஊர்ப் பந்தியைத்தான் துணைக்கு அழைக்க வேண்டும். வீட்டுக்கு வந்தவரிடம் "சாப்பிடுங்க" என்றால், "இப்பத்தான் ஆச்சு" என்பார். அதை அப்படியே எடுத்துக்கொண்டு இலையை மடித்து வைக்கிறவனை எங்கள் பக்கத்தில் மனுஷனாகவே மதிக்கமாட்டார்கள். ஒரே தடவை கேட்பது கேட்பதல்ல. கேட்டோம் என்று கணக்கு எழுதிக்கொள்வது. ஆனால் அதே விருந்தாளி, "டாக்டர் சாப்பிடக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்" என்றால் பேச்சை விட்டுவிடுகிறோம். ஆகவே மறுப்பில் இரண்டு வகை உண்டு. "நான் எதுக்கு?" என்பது ஒன்று. "என்னை விட்டுவிடு" என்பது மற்றொன்று. முதலாவது, தன்னைத் தானே குறைத்துக்கொள்கிற மறுப்பு. அதை ஏற்றுக்கொண்டால் அந்தக் குறைவை நாமும் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். இரண்டாவது, தன்னைக் காத்துக்கொள்கிற மறுப்பு. அதைப் பதின்மூன்று வயதுப் பெண் சொன்னாலும் கீழ்ப்படிய வேண்டும். இரண்டு மறுப்பையுமே சொல்லத் தெரியாத கைக்குழந்தையின் படத்தை எடுக்கலாம். ஊருக்கெல்லாம் காட்டுவதற்கு நமக்கு உரிமை இல்லை. அது விவரம் தெரிந்து சொல்கிறவரையில் அந்தப் படங்களுக்கு நாம் காவல்காரர்கள்தாம்.

இன்னொரு ஆட்சேபணையை என் நண்பர் ஒருவர் அடிக்கடி சொல்வார். "எதற்கு ஐயா படம்? கண்ணால் பார்த்தால் போதாதா? காமிராவை எடுத்தவன் பார்க்கிறதை விட்டுவிடுகிறான்." இதிலும் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் லிண்டா ஹென்கெல் என்ற மனோதத்துவ ஆராய்ச்சியாளர் ஒரு பொருட்காட்சிசாலையில் சோதனை செய்து 2014-இல் முடிவை வெளியிட்டார். பொருள்களை முழுசாகப் படம் எடுத்துக்கொண்டே போனவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகத்தான் ஞாபகம் வைத்திருந்தார்கள். ஞாபகம் வைக்கிற வேலையைக் காமிராவிடம் ஒப்படைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. ஆனால் அதே சோதனையில் மற்றொன்றும் தெரிந்தது. பொருளின் ஒரு பகுதியை மட்டும் அருகில் இழுத்துப் படம் எடுத்தவர்களுக்கு ஞாபகம் குறையவில்லை. கெடுப்பது காமிரா அல்ல, கவனமின்மை என்று நான் இதற்கு அர்த்தம் செய்துகொள்கிறேன். நண்பருக்கு நான் சொல்கிற பதில் ஒன்றுதான். நான் இருபத்தெட்டு வருஷம் அம்மாவைக் கண்ணால் பார்த்தேன். இன்றைக்குக் கண்ணை மூடினால், நாற்பது வயதில் அவள் முகம் எப்படி இருந்தது என்று வரமாட்டேன் என்கிறது. அந்த நீல வானத்து இருபத்தொரு வயதுப் பெண்தான் குறுக்கே வந்து நிற்கிறாள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையைத் திருநெல்வேலிக்காரர்கள் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை தெரியாமல் ஓடினாள். சிந்துபூந்துறையில் அக்காள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். அவர்கள் மாடிக்கு எடுத்துக்கொண்டு ஓடியது செல்போன்களையும், பத்திரங்களையும், அரிசி மூட்டையையும்தான். ஆல்பங்கள் பீரோவின் அடித்தட்டில் இருந்தன. குறுக்குத்துறையில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிற முருகன் கோயிலில், வெள்ளம் வருகிறது என்று தெரிந்தால் உற்சவரைக் கரையில் உள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள்ளேயே இருப்பார். எதைத் தூக்கிக்கொண்டு போவது, எதை விட்டுப்போவது என்று அங்கே முன்கூட்டியே தீர்மானமாகி இருக்கிறது. நம் வீடுகளில் அப்படி ஒரு தீர்மானம் இல்லை.

தண்ணீர் வடிந்த பிறகு அக்காளும் நானும் உட்கார்ந்து படங்களைப் பிரித்தோம். ஒன்றோடொன்று ஒட்டியிருந்த படங்களைக் காயவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது. ஈரத்தோடு இருக்கும்போதே சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, மெல்ல உரித்து, படம் மேல்பக்கம் இருக்கும்படி நிழலில் உலர்த்த வேண்டும். ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு, தொண்டர்கள் இப்படித்தான் சேற்றில் கிடைத்த லட்சக்கணக்கான குடும்பப் படங்களைக் கழுவி உரியவர்களிடம் சேர்க்கப் பாடுபட்டார்கள். எங்களுக்குப் பாதிதான் தேறியது. பசுவின் படம் இரண்டும் போய்விட்டது.

தேறியவற்றில் ஒன்றை அக்காள் வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய ஏதோ ஒரு பிறந்த நாள் படம். புதுப் பாவாடையோடு முற்றத்தில் நிற்கிறாள். பின்னால் அடுப்படி நிலை. நிலைக்கு உள்ளேயிருந்து ஒரு கை மட்டும் செம்பு ஒன்றை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கறுத்த கை. நாலு கண்ணாடி வளையல். மணிக்கட்டில் பழைய எண்ணெய்ச் சூட்டுத் தழும்பு. நூறு தடவை பார்த்த படந்தான். அந்தக் கையை நாங்கள் பார்த்ததே இல்லை.

"இதுதாம்ல அம்மா. செவத்துல மாட்டிருக்கது யாரோ," என்றாள் அக்காள்.

ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1977-இல் தாயை இழந்தார். பழைய படங்களில் எல்லாம் தேடி, கடைசியில் ஐந்து வயதுச் சிறுமியாக அவள் நிற்கிற ஒரு படத்தில்தான் தன் தாயைக் கண்டுகொண்டதாக 1980-இல் வெளியான புத்தகத்தில் எழுதினார். அந்தப் படத்தை மட்டும் புத்தகத்தில் அச்சிடவில்லை. மற்றவர்களுக்கு அது யாரோ ஒரு சிறுமியின் படமாகத்தான் இருக்கும் என்றார். அவர் சொன்னது அன்றைக்கு எனக்கு நன்றாக விளங்கியது.

இவ்வளவையும் மருமகனிடம் சொல்லவில்லை. அவன் கேட்டது காமிராவைப் பற்றி. ஆகவே அதைத்தான் சொன்னேன்.

"புள்ளிக் கணக்கைப் பார்த்து மயங்காதே. இந்தக் கட்டுரைத்தாள் அளவுக்குப் படத்தை நல்லபடியாக அச்சிட 90 லட்சம் புள்ளி போதும். உன் பட்டியலில் உள்ள நாலும் அதைத் தாண்டியவை. லென்ஸைப் பார். காமிராவோடு கொடுக்கிற லென்ஸை விட்டு, துவாரம் 1.8 அளவுக்குத் திறக்கிற 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று வாங்கு. 3.5 வரை திறக்கிற லென்ஸைவிட ஏறக்குறைய நாலு பங்கு வெளிச்சம் உள்ளே வரும். 50 வேண்டாம், சின்ன காமிராவில் அதை மாட்டினால் உங்கள் அடுப்படியில் சுவரில் முதுகு இடிக்கும், அப்போதும் முகம் மட்டும்தான் விழும். முகத்துக்கு நேரே பிளாஷ் அடிக்காதே. ஜன்னல் ஓரம் போதும். ஆற்றங்கரை ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சுகிற பொட்டலம் போட்டு வை. படங்களை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை மேட்டுநிலத்தில் என் வீட்டில் வை. வருஷத்துக்குப் பன்னிரண்டு படம் மட்டும் தேர்ந்தெடுத்துக் காகிதத்தில் அச்சடி. கடைசியாக, மற்றதில் ஆயிரம் ரூபாய் குறைத்தாலும் பரவாயில்லை, நல்ல முக்காலி ஒன்று வாங்கு."

"முக்காலி எதுக்கு மாமா? நான் என்ன மலையையும் அருவியையுமா எடுக்கப் போறேன்?"

"காமிராவில் பத்து விநாடி தாமதமாக எடுக்கிற விசை இருக்கும். அதை அமுக்கிவிட்டு நீ ஓடிப்போய் நிற்கலாம். போகிற வழியில் அடுப்படிக்குள்ளே இருக்கிறவளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகலாம். பால் பொங்கினால் பொங்கட்டும்."

பத்து விநாடி பெரிய அவகாசம் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் நாற்பது வருஷத்தில் யாரும் அதைக் கொடுக்கவில்லை.

போன வாரம் அவன் முதல் படத்தை அச்சடித்துக் கொண்டுவந்து கொடுத்தான். நடுவில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அக்காள். பக்கத்தில், ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடியே, அவன் மனைவி. ஓரத்தில் முகம் தெரியாமல் இழுபட்டு ஒரு உருவம்.

"இது சரியா வரல மாமா. நான் போய் நிக்கதுக்குள்ள விழுந்துட்டு. வேற எடுத்துத் தாரேன்," என்றான்.

வேண்டாம் என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டேன்.